ஊசிக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவர் யார்?



பிள்ளைக்குத் தடுப்பு ஊசி போடலாமா, கூடாதா என்று தீர்மானிக்க வேண்டியவர் யார்? பெற்றோர்தாம் என்று யோசியாமலே விடை சொல்லுவோம். ஆனால் பதினாலு வயதுப் பிள்ளை, "எனக்கு ஊசி வேண்டும்" என்று கேட்க, தகப்பனும் தாயும் "கூடாது" என்று சொன்னால் அப்போது என்ன செய்வது? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்த விஷயம் சட்டசபைகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் போயிருக்கிறது. அங்கே நடந்ததை ஆராய்ந்து பார்த்தால், பெற்றோருக்கு அதிகாரம் எதற்காகக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும்.

இங்கிலாந்தில் 1969-ம் வருஷத்துச் சட்டப்படி, 16 வயது நிறைந்தவர்கள் வைத்தியத்துக்குத் தாங்களே சம்மதம் கொடுக்கலாம். அதற்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் பத்துப் பிள்ளைகளைப் பெற்ற ஒரு கத்தோலிக்கத் தாய், திருமதி விக்டோரியா கில்லிக். பெற்றோருக்குத் தெரியாமல் சிறு பெண்களுக்குக் கருத்தடை ஆலோசனையும் சிகிச்சையும் கொடுக்கக் கூடாது என்பது அவருடைய வழக்கு. 1985-ல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் ஐவரில் மூவர் அவருக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். காரியத்தின் தன்மையை உணரத்தக்க அறிவு பிள்ளைக்கு இருந்தால் அதன் சம்மதம் செல்லும் என்பது தீர்ப்பின் சாரம். வழக்கு ஊசியைப் பற்றியதல்ல. ஆயினும் பள்ளிக்கூடங்களில் தடுப்பு ஊசி போடுகிறவர்கள் இன்றும் அந்த விதியைத்தான் அனுசரிக்கிறார்கள். அந்தத் தாயின் பெயராலேயே அது வழங்குகிறது.

அவருடைய கவலையை அற்பமென்று தள்ள வேண்டாம். பிள்ளையைப் பெற்று வளர்க்கிறவர்களை ஒதுக்கிவிட்டு அந்நியர் அதன் காரியத்தை முடிவு செய்வது எந்தக் குடும்பத்துக்கும் நோவு தரும். ஆனால் அந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டிய ஒரு நியாயம் உண்டு. பெற்றோருடைய அதிகாரம் பிள்ளையின் நன்மைக்காகவே இருக்கிறது. பிள்ளைக்கு அறிவு வளர வளர அது விட்டுக்கொடுக்கிறது என்றார்கள்.

அப்படியானால் பிள்ளை தன் இஷ்டப்படி எதையும் செய்யலாமா? இல்லை. 1992-ல், உணவை மறுத்து மெலிந்துபோன 16 வயதுப் பெண் ஒருத்தி வேறொரு சிகிச்சை நிலையத்துக்குப் போகமாட்டேன் என்றபோது, மேல்முறையீட்டு நீதிமன்றம் அவளுடைய மறுப்பைக் கேளாமல் அவளை அங்கே அனுப்ப உத்தரவிட்டது. ஆக, சுகம் தருவதற்குப் பிள்ளை சொல்லும் "ஆம்" செல்லும். உயிருக்கு ஆபத்தான வேளையில் அது சொல்லும் "இல்லை" செல்லாமற் போகலாம். சுயாதீனம் ஒன்றே அளவானால் இரண்டும் சம எடையாக இருக்க வேண்டுமே! பிள்ளையின் நன்மையே அளவு என்பது இதனால் தெரிகிறது.

இந்த அளவை ஊசிக்கு வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் 2008 முதல் 12, 13 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி போடுகிறார்கள். அந்த வயதில் போட வாய்ப்புக் கிடைத்தவர்களிடம் அந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்ததாக 2021-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. இன்று "வேண்டாம்" என்று கையெழுத்திடுகிறவர் தகப்பனார். இருபது வருஷம் கழித்து நோயைச் சுமக்கப்போகிறவள் மகள். சுமக்கப்போகிறவள் விவரம் தெரிந்து கேட்கும்போது, அவள் வாயை அடைப்பது நீதியாகுமா?

"சிறுபிள்ளை ஏமாந்து போகாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான ஆட்சேபமே. பிள்ளைக்கு முன்பு வந்த வியாதியும் ஒவ்வாத மருந்தும் தாய்க்குத்தான் தெரியும். ஆகையால் இங்கே இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளையின் சம்மதத்தை ஏற்றுக்கொள்வது ஒன்று. அதைப் பெற்றோருக்கு மறைப்பது வேறொன்று. வாஷிங்டன் நகரசபை 2020-ல் செய்த சட்டம், 11 வயதுப் பிள்ளையும் விஷயம் விளங்கினால் சம்மதிக்கலாம் என்றதோடு, வேத காரணத்தால் ஊசியை மறுத்த பெற்றோருக்குத் தெரியாதபடி பதிவை நேரே பள்ளிக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்தது. 2022-ல் கூட்டரசு நீதிபதி ஒருவர் அதற்கு இடைக்காலத் தடை விதித்தார். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், ஊசி போட்டதே தெரியாத தாய் வைத்தியரிடம் என்ன சொல்லுவாள்? டென்னஸி மாநிலமோ 2023-ல் மறு ஓரத்துக்குப் போய், பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளைகளுக்கு ஊசியே கூடாது என்று சட்டம் செய்தது. முந்தினது தாய் தகப்பனை அந்நியராக்குகிறது. பிந்தினது புத்தி விவரம் வந்த பிள்ளையைக் கைக்குழந்தையாக்குகிறது.

ஒஹாயோ மாநிலத்து இளைஞர் ஒருவர், தாய் விரோதித்தபடியால் 18 வயது வரைக்கும் காத்திருந்து ஊசிகளைப் போட்டுக்கொண்டார். 2019-ல் அமெரிக்க மேல்சபைக் குழுவின் முன் சாட்சி சொன்னபோது, தாயின் அன்பை அவர் குறை கூறவில்லை. தாய்க்குக் கிடைத்த தவறான செய்திகளையே குறை கூறினார். இதைப் பெற்றோர் மனதில் வைக்க வேண்டும். அன்பு இருந்தால் மாத்திரம் போதாது; அன்புள்ளவர்கள் உண்மையை விசாரித்து அறியவும் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

ஆகையால், பெற்றோரே, உங்கள் பிள்ளை இப்படி ஒரு கேள்வியோடு வந்தால் கோபியாதேயுங்கள். அதனுடைய காரணத்தைக் கேளுங்கள். உங்கள் பயத்தையும் சொல்லுங்கள். இருவருமாக வைத்தியரிடம் போங்கள். பிள்ளைகளே, நீங்களும் ஒளியாதேயுங்கள். வீட்டிலே இப்படிப் பேசித் தீர்க்கிறவர்களுக்கு, கையெழுத்து யாருடையது என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிராது.