நீ ஏதாவது மாத்தினியா?

போன மார்கழியில் ஒரு இரவு, திண்டிவனத்திலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மதுராந்தகம் வரை நான் ஓட்டினேன். டீக்கு நிறுத்திய இடத்தில் மனைவி சாவியை வாங்கிக்கொண்டாள். படாளம் தாண்டியதும் எங்கள் லேனிலேயே ஒரு லாரி நின்றிருந்தது. பின்விளக்கு இல்லை, முக்கோணப் பலகை இல்லை, டயருக்கு அடியில் வைக்கும் கல்லைத் தவிர வேறு எந்த ஏற்பாடும் இல்லை. கார் கத்தியது. அவள் பிரேக்கை ஏறி மிதித்தாள். நின்றபோது லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையலாம், அவ்வளவுதான் மிச்சம்.

ஓரங்கட்டிய பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி இது: "இது எப்பவும் இன்னும் முன்னாடியே கத்துமே. நீ ஏதாவது மாத்தினியா?"

மாற்றியிருந்தேன். மூன்று மாதத்துக்கு முன்பு. முன்னால் போகும் வண்டியில் மோதப்போகிறோம் என்று சொல்லும் அந்த எச்சரிக்கைக்கு எங்கள் காரில் மூன்று நிலைகள் உண்டு: முன்கூட்டி, இயல்பு, தாமதம். தினமும் தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் வேலைக்குப் போகிறவன் நான். அங்கே நமக்கும் முன்னால் உள்ள வண்டிக்கும் இடையே விடும் இடைவெளி என்பது அடுத்த பைக்காரருக்கான அழைப்பிதழ். ஒவ்வொரு பைக்குக்கும் கார் அலறும். ஒருநாள் பொறுக்க முடியாமல், சிக்னலில் நிற்கும்போது, திரையில் நாலு தட்டு தட்டி 'தாமதம்' என்று வைத்தேன். அன்றைக்கே மறந்தும் போனேன். கார் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டரும் என் எரிச்சலுக்கு ஏற்ப அமைத்த காரில்தான் நடந்திருக்கிறது.

அது என் விருப்பம் என்றுதான் நினைத்திருந்தேன். ரிங்டோன் மாதிரி, வால்பேப்பர் மாதிரி.

மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன் என்பதால் ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். பல செட்டிங்குகள் பயனாளர்மேல் உள்ள மரியாதையால் பிறப்பதில்லை. மீட்டிங்கில் இரண்டு கட்சி. ஒருவர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பார், இன்னொருவர் கூடவே கூடாது என்பார். ஆறு மணி ஆகிவிடும். யாராவது ஒருவர், பெரும்பாலும் நான், "ஒரு ஆப்ஷனா குடுத்துடலாம், அவங்களே பாத்துக்கட்டும்" என்போம். எல்லோரும் கிளம்பிவிடலாம். நாங்கள் எடுத்திருக்க வேண்டிய முடிவு மெனுவுக்குள் மூன்றாவது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பைக் குறுக்கே வருவதற்கும் லாரி செத்து நிற்பதற்கும் வித்தியாசம் தெரியாத ஒரு எச்சரிக்கையைச் செய்தவர்கள், அதைச் சரிசெய்யும் வேலையை 'தாமதம்' என்ற வார்த்தையில் என்னிடம் தள்ளிவிட்டார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

அப்படியானால் மாற்றவே விடக்கூடாதா? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1974 மாடல் கார்களில் முன்சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் போடாவிட்டால் வண்டியே ஸ்டார்ட் ஆகாது. பக்கத்து சீட்டில் மளிகைப் பை வைத்தாலும், நாய் உட்கார்ந்தாலும் அதே கதை. ஜனங்கள் கொதித்துப் போய், அந்த ஆண்டு அக்டோபருக்குள்ளேயே சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். அதோடு விடவில்லை. பெல்ட்டுக்கான சத்தம் எட்டு வினாடிக்குமேல் அடிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். நம் ஊரில் சட்டத்தோடு சண்டை போட மாட்டோம், க்ளிப் வாங்குவோம். பெல்ட் போடாமலேயே பக்கிளில் சொருகிவிட்டால் சத்தம் நின்றுவிடும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிகத் தளங்களிலிருந்து இவற்றை நீக்க உத்தரவிட்டது. அப்பாவின் காரில் இன்றும் ஒன்று இருக்கிறது. "அது பாட்டுக்குக் கத்திக்கிட்டே இருந்தா மனுஷன் எப்படிப்பா ஓட்டுறது?" என்கிறார். அவர் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியவில்லை.

ஏனென்றால், அணைக்க முடியாத சத்தம் கேட்காத சத்தமாகிவிடும். 2019 ஜூலைக்குப் பிறகு இங்கே தயாராகும் கார்களில் 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டு மணி அடிக்கும், 120ஐத் தாண்டினால் நிற்காமல் அடிக்கும். மெனு கிடையாது. அன்றைக்கு மதுராந்தகம் வரை நான் 95இல் வந்தேன். மணி அடித்திருக்கும். எனக்கு ஞாபகமே இல்லை.

இங்கேதான் ஜான் ஸ்டூவர்ட் மில் நினைவுக்கு வருவார். பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவனை அவன் போக்கில் விடு என்று 1859இல் வாதிட்டவர். சீட் பெல்ட் அவருக்கே உரிய உதாரணம் போலத் தோன்றும்: என் தலை, என் கண்ணாடி. ஆனால் பெல்ட் போடாமல் பின்சீட்டில் இருப்பவர், வண்டி மோதும்போது முன்சீட்டில் இருப்பவரின் முதுகில் வந்து விழுவார். காருக்குள் 'என் விஷயம்' என்று தனியாக ஒன்றைத் தேடினால் அனேகமாக ஏசியும் பாட்டும்தான் தேறும். மோதல் எச்சரிக்கை எனக்காக மட்டும் கத்துவதில்லை. லாரிக்கு அடியில் படுத்து டயர் மாற்றிக்கொண்டிருக்கும் கிளீனருக்காகவும் கத்துகிறது. அவரைக் கேட்டா 'தாமதம்' வைத்தேன்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏற்பாடு ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து அங்கே விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் வேக எல்லையை மீறினால் எச்சரிக்கும் அமைப்பு கட்டாயம். ஓட்டுபவர் அதை அணைக்கலாம். ஆனால் அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது தானே மறுபடி உயிர்பெற்றுவிடும். முதலில் படித்தபோது, சரியான இம்சை, எவனோ பிடிவாதக்காரன் டிசைன் பண்ணியிருக்கிறான் என்று தோன்றியது. படாளத்துக்குப் பிறகு வேறு மாதிரி படிக்கிறேன். என் எரிச்சலுக்கு ஒரு பயணம்தான் ஆயுள். சாவி கைமாறும்போது அது கூடவே கைமாறாது. எங்கள் கார் அப்படி மறக்கத் தெரிந்ததாக இருந்திருந்தால், டீக்கடையில் அவளுக்குக் கிடைத்தது அவளுடைய காராக இருந்திருக்கும். தினமும் காலையில் கை நீட்டி அணைக்க வேண்டுமென்றால் நான் அணைத்திருப்பேனா? முதல் வாரம் நிச்சயமாக. அப்புறம் தெரியவில்லை.

அன்றைக்கு அவளிடம் உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை. செங்கல்பட்டு டோல் வரை பேசவும் இல்லை. ஃபாஸ்டாக் ரீட் ஆனபின், "சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

இப்போது 'முன்கூட்டி'யில்தான் இருக்கிறது. ஜிஎஸ்டி ரோட்டில் தினமும் கத்துகிறது, தினமும் எரிச்சல் வருகிறது. லேன் மாறினால் ஸ்டீயரிங்கை உதறும் அந்த எச்சரிக்கையை மட்டும் இன்னும் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். கோடே அழிந்துபோன ரோட்டில் அதோடு மல்லுக்கட்ட முடியவில்லை. அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் ஏறினால் போட்டுக்கொள்கிறாள்.