பாடத்துக்கு முன் ஐந்து நிமிடம்

ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைப்பதுதான் நம் பள்ளிகளில் வகுப்புத் தலைவருக்குக் கிடைக்கும் முதல் பொறுப்பு. ஆசிரியர் வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. அவர் கேள்வி கேட்பார், ஒரு மாணவி எழுந்து பதில் சொல்வாள், 'சரி, உட்கார்' என்பார். அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த ஹியூ மெஹன் 1979-இல் வெளியிட்ட நூலில் இதே மூன்று படிகளைத்தான் விரிவாகக் காட்டினார். ஆக, இது நம் ஊரின் குறை மட்டுமல்ல. இப்படியே பன்னிரண்டு ஆண்டுகள் படிக்கும் பெண், ஆசிரியரைப் பார்த்து ஒப்பிக்கப் பழகியிருப்பாள். பக்கத்தில் இருக்கும் தோழி சொன்னதைக் காதில் வாங்கி, அதில் எது சரி, எது போதவில்லை என்று யோசித்து, தன் கருத்தை அதோடு சேர்த்துச் சொல்லப் பழகியிருக்க மாட்டாள். கல்லூரிக் கடைசி ஆண்டில் வேலைக்கு ஆள் எடுக்க வருகிற நிறுவனம் 'குரூப் டிஸ்கஷன்' என்று வட்டமாக உட்கார வைக்கும்போது, ஒருவர் விடாமல் பேச மற்றவர்கள் வாயே திறக்காமல் இருப்பது ஏன் என்று வியக்க ஒன்றுமில்லை.

பேச்சுக்கு நம்மிடம் பஞ்சமில்லையே, பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் பட்டிமன்றத்தில் அணி முன்பே முடிவாகிவிடுகிறது. எதிரணியின் வாதம் நியாயமாகப் பட்டாலும் 'நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்' என்று யாரும் அணி மாறுவதில்லை. பள்ளிப் பேச்சுப் போட்டியிலோ பெரும்பாலும் ஆசிரியரோ பெற்றோரோ எழுதித் தந்ததை மனப்பாடம் செய்துதான் பிள்ளை மேடை ஏறுகிறது. இரண்டும் மேடைக்கு உரிய திறமைகள். அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கலந்துரையாடல் வேறு. அதில் அடுத்தவர் பேச்சைக் கேட்பது பாதி வேலை, கேட்டதால் தன் எண்ணம் மாறினால் அதை ஒப்புக்கொள்வது மீதி வேலை. இது ஆண்டு விழாவுக்கு ஒரு முறை ஒத்திகை பார்த்து வருகிற பழக்கம் அல்ல. தினமும் கொஞ்சமாகச் செய்தால்தான் படியும். அதனால்தான் பாடம் தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடத்தை இதற்கென்று ஒதுக்க வேண்டும் என்கிறேன்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது? ஆறாம் வகுப்பு அறிவியல் பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். 'விதை முளைக்க வெளிச்சம் வேண்டுமா?' என்று ஆசிரியர் பலகையில் எழுதுகிறார். உடனே உயரும் கைகளைக் கீழே இறக்கச் சொல்லி, எல்லோரும் ஒரு நிமிடம் தமக்குள் யோசிக்கட்டும் என்கிறார். அடுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் பேச வேண்டும். அதன் பிறகுதான் பொதுவில் பேச்சு. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: தன் கருத்தைச் சொல்லும் முன், ஜோடியில் இருந்தவர் என்ன சொன்னார் என்று முதலில் சொல்ல வேண்டும். 'செடிக்கு வெயில் வேண்டும், அதனால் விதைக்கும் வேண்டும்னு இவன் சொல்றான் டீச்சர். ஆனா எங்க வீட்டுல பச்சைப் பயறைத் துணியில கட்டி மூடித்தான் வைக்கிறாங்க, அது முளைக்குதே' என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் போதும், வகுப்பு விழித்துக்கொள்ளும். முளைப்பதற்கும் வளர்வதற்கும் வேறுபாடு உண்டோ என்ற கேள்வியைப் பிள்ளைகளே எழுப்பிவிடுவார்கள். ஆசிரியர் அதற்கு அங்கேயே தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. அன்றைய பாடம் அங்கிருந்து தொடங்கிவிடும். கணக்குப் பாடவேளை என்றால் 18-ஐ 5-ஆல் பெருக்கும் வழிகளை மனக்கணக்காகக் கேட்கலாம். 20 ஐந்து நூறு, அதில் பத்தைக் கழித்தேன் என்பான் ஒருவன். 9-ஐப் பத்தால் பெருக்கினேன் என்பாள் இன்னொருத்தி. அவள் ஏன் அப்படிச் செய்யலாம் என்பதை மூன்றாவது ஒருவர் விளக்க வேண்டும்.

யோசி, ஜோடியாகப் பேசு, பிறகு பகிர் என்ற இந்த வரிசை 1981-இல் ஃபிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் முன்வைத்தது. இதில் யோசிக்கத் தரும் அவகாசமே உயிர். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடிதான் என்பதை மேரி பட் ரோ 1970-களில் கண்டறிந்தார். அதை மூன்று நொடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன. 'தெரியாது' என்பது குறைந்தது. மெதுவாகப் படிப்பவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பேசினார்கள். கூச்சம் உள்ள பிள்ளைகளை இது வதைக்குமே என்பவர்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. நாற்பது பேர் முன்னால் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளை ஒரு தோழியிடம் பேசும்; தான் சொன்னதைத் தோழி வகுப்புக்குச் சொல்லக் கேட்கும். எப்போதும் முந்திக்கொண்டு பேசும் பிள்ளையும் இன்னொருவர் கருத்தை எடுத்துச் சொல்லியாக வேண்டியிருப்பதால் அடங்கிக் கேட்கும்.

போர்ஷன் முடியாது என்பது ஆசிரியர்கள் சொல்லும் முதல் தடை. அது சாக்கு அல்ல, அவர்கள் சுமக்கும் பாரம். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாட்களும் 1000 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும் என்கிறது. நாளுக்கு ஒரு பாடவேளையில் மட்டும் ஐந்து நிமிடம் என்றால் ஆண்டுக்கு 1100 நிமிடம். பத்தொன்பது மணி நேரம்கூட ஆகாது. நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. இதனால் மதிப்பெண் குறையுமோ என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. இங்கிலாந்தில் ராபின் அலெக்சாண்டரின் உரையாடல்வழிக் கற்பித்தல் முறைக்கு நடந்த சோதனையின் முடிவு 2017-இல் வந்தது. அம்முறையில் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்திலும் அறிவியலிலும் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மாதப் படிப்பு முன்னே இருந்தார்கள். அது ஐந்து நிமிடப் பயிற்சி அல்ல, பாடம் முழுவதையும் மாற்றிய முயற்சி. ஆகவே அதே பலன் இதிலும் வரும் என்று சொல்ல மாட்டேன். பேச விட்டால் படிப்பு கெடும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு அது போதும்.

இன்னொரு தடை வெளியே சொல்லப்படுவதில்லை. பிள்ளைகள் எதிர்த்துப் பேசப் பழகிவிடுவார்களோ என்ற அச்சம் அது. காரணம் சொல்லி மறுப்பதும் மரியாதை இல்லாமல் பேசுவதும் ஒன்றல்ல. 'நான் இதில் மாறுபடுகிறேன், ஏனென்றால்' என்று தொடங்கக் கற்ற பிள்ளைக்குக் கத்த வேண்டிய அவசியமே இருக்காது. குழந்தை தன் கருத்தைத் தடையின்றிச் சொல்ல உதவ வேண்டும் என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவும் சொல்கிறது. இது மேலைநாட்டுச் சரக்கு என்று தள்ளவும் முடியாது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவருக்குக் கால்பங்கு புலமைதான் கிட்டும், உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால்பங்கு, பிறருக்கு எடுத்துரைப்பதால் மீதி அரைப்பங்கு என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் பவணந்தி முனிவர் பங்கு பிரித்துவைத்தார். அதில் முதல் கால்பங்குக்கே நம் பாடவேளை முழுவதையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஐந்து நிமிடத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள், பதிவேடு கேட்காதீர்கள், வகுப்பிலிருந்து சத்தம் வந்தால் உடனே எட்டிப் பார்க்காதீர்கள். ஒரு பருவம் முழுக்க ஆசிரியர்களைச் செய்ய விடுங்கள். அதற்கு முன்பாக, பேசியவர்கள் பெயரை எழுதும் வேலையிலிருந்து வகுப்புத் தலைவரை விடுவித்துவிடுங்கள்.