சுரண்டும் முன்

போர்டைப் புதுப்பிக்கக் கொடுப்பவர்கள் கலரைப் பற்றி நிறையப் பேசுவார்கள். மேலே சின்னதாக இருக்கும் ‘மாரியம்மன் துணை’யை என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. அதைச் சுரண்டுகிற கை என்னுடையது. சூலக்கரையில் இருந்துகொண்டு விருதுநகர் கடைகளுக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு, சாமி பெயரை அழிக்கலாமா என்ற கேள்வி ஒருநாளும் விட்டதில்லை.

அழிக்காமல் முடியாது. உரிந்த எனாமலின் மேலேயே புதுசைப் பூசினால் சீக்கிரமே இரண்டும் சேர்ந்து கழன்று வரும். பட்டித் தகட்டால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தகரம் தெரிந்த பிறகுதான் ரெட் ஆக்சைடு. 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருவதற்கு முன் எழுதிய பலகைகளில் ‘துணை’யின் கடைசி எழுத்து துதிக்கை தூக்கி நிற்கும். அப்படி எழுதிய கை இன்று இருக்காது. அதைத் தேய்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும்.

“பெயின்டிலா சாமி இருக்கிறது?” என்பான் என் மகன். இல்லைதான். ஆனால் நூல் அடித்து, மூச்சைப் பிடித்து, அந்தப் பெயரை இழுத்தபோது அம்மனை நினைத்துத்தானே இழுத்தார்கள்? கூப்பிட்டு உட்கார வைத்தவரை ஒரு வார்த்தை சொல்லாமல் கிளப்பலாமா?

எனக்கு வழி காட்டியது கோயில். திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சக்தியைக் கும்பத்தில் இறக்கி, அத்திப் பலகையில் எழுதிய உருவத்துக்கு மாற்றி, குடமுழுக்கு வரை அங்கேயே பூசை நடக்கும். சக்தியை மாற்றிய பிறகுதான் கருவறையில் உளி படும். நம் ஆகமத்துக்கு அழிவு பயமில்லை. சதுர்த்திக்குப் பிடித்த களிமண் பிள்ளையாரையும் வளர்த்த முளைப்பாரியையும் நாமேதான் தண்ணீரில் விடுகிறோம். விடைகொடுக்காமல் விடுவதில்லை, அவ்வளவுதான்.

அதனால் சுரண்டும் முன் சூடம் ஏற்றி, அதே பெயரை ஒரு துண்டு அட்டையில் எழுதிக் கல்லாவில் வைக்கச் சொல்வேன். புது போர்டு ஏறியதும் அட்டை கிணற்றுக்குப் போகும். ஒரு பாய் கடையில் 786ஐச் சுரண்டியபோது, உதிர்ந்த பெயின்ட் துகளை எல்லாம் அவர் காகிதத்தில் கூட்டி எடுத்து, கால் படாத இடத்தில் புதைத்தார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது.

ஃபிளெக்ஸுக்கு இந்த விடைகொடுப்பு இல்லை. கிழிந்ததும் ஆட்டுக்கொட்டகைக் கூரையாகிறது. வேலோடு முருகன் தலைகீழாகத் தொங்குகிறார். சிவகாசியில் அச்சாகும் காலண்டர் சாமிகளையாவது வருஷம் முடிந்ததும் கொண்டுபோய் அரசமரத்தடியில் வைக்கிறவர்கள் உண்டு. லட்சுமி வெடியை என்ன சொல்ல? தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து லட்சுமியைக் கும்பிட்டவர்களே, அவள் படம் ஒட்டிய வெடியைத் தெருவில் கொளுத்துகிறார்கள். மறுநாள் குப்பையில் பாதி முகம் கிடக்கிறது. இதற்கு எந்த ஆகமத்திலும் இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

லேபிள் வேலை செய்யும் சொந்தக்காரர்களிடம் ஒவ்வொரு சீசனுக்கும் முன் சொல்கிறேன், மயிலைப் போடுங்கள், ரோஜாவைப் போடுங்கள், அவளை விட்டுவிடுங்கள் என்று. “படம் இல்லாவிட்டால் ஓடாது மாமா” என்கிறார்கள். அடுத்த சீசனுக்கும் சொல்வேன்.