சுமக்கும் மிருகமும் இரங்கும் இதயமும்

நல்ல சமாரியன் உவமையில் (லூக். 10: 25-37) நாம் கவனியாது விடும் பாத்திரம் ஒன்று உண்டு. குற்றுயிராய்க் கிடந்தவனைச் சத்திரம் வரை சுமந்து சென்ற மிருகமே அது. அது இல்லாவிடில் அவன் சத்திரம் சேர்ந்திருப்பது கடினம். ஆனால் அவனைக் கண்டு இரங்கியது மிருகமன்று; சமாரியனே.

அன்பார்ந்த விசுவாசிகளே! எருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு இறங்கும் பாதை நமக்குத் தூரமானதன்று. பசறையிலும் லுணுகலையிலும் நமுனுகுலையிலும் இருந்து பதுளைக்கு இறங்கும் பாதையும் அதுவே. சம்பள நாளில் தவறணையில் தொடங்கி, கசிப்பில் மூழ்கி, லயத்துக் காம்பிராவையும் பெண்சாதி பிள்ளைகளையும் இழந்து, பஸ் நிலையத்து மூலையில் சாக்கு விரித்துப் படுத்திருக்கிறானே, அவன் யார்? நேற்றுவரை நம்மோடு கவ்வாத்து வெட்டியவன். நம் திருநாளில் சொரூபம் சுமந்தவன்.

இன்று செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. கைத்தொலைபேசி வழியே தமிழிலும் பேசுகிறது. குடியை விட முயல்பவனை நடுச்சாமத்தில் அந்த ஆசை வாட்டும்போது, ஊரெல்லாம் உறங்க, அது பதில் சொல்லும், ஏசாது, முகஞ்சுளிக்காது. இதைப் பழிக்க வேண்டாம். நல்ல மிருகம், சுமக்கட்டும்.

ஆயினும் படுக்கப் பாயில்லாதவனிடம் கைத்தொலைபேசி ஏது? நெடுநாள் மிதமிஞ்சிக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், உயிரும் போகலாம். அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல இயந்திரத்துக்குத் தோள் இல்லை. பிழையான யோசனையையும் அது உறுதியாய்ச் சொல்லிவிடும். மனித உறவுக்கு இயந்திரம் ஈடாகாது என்றே, 2025 சனவரியில் திருப்பீடம் வெளியிட்ட 'ஆன்டிக்குவா எத் நோவா' ஏடும் எச்சரிக்கிறது.

1935 மே மாதம், அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குத் தரகர் ஒரு ஹோட்டலில் தவித்து நின்றார். வந்த காரியம் தோற்றுவிட்டது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒருபுறம் மதுக்கூடம், மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியை நாடினார். ஒரு மதகுருவை அழைத்து, தம்மைப் போல் குடியால் வாடும் இன்னொருவரைத் தேடினார். அவ்வழியே கிடைத்தவர் டாக்டர் பொப் ஸ்மித். அந்தச் சந்திப்பிலிருந்தே 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' இயக்கம் பிறந்தது. தொலைபேசி அவரைக் குணமாக்கவில்லை, மனிதனிடம் சேர்த்தது.

ஆகவே இளைஞரே, உங்கள் கையிலுள்ள கருவியை அவனுக்காக எடுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தை அழைத்து ஆலோசனை கேளுங்கள்; ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். தாய்மாரே, ஒரு பிடி சோறு கொடுக்கும்போது அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். குடியை விட்டவர்களே, அவன் அருகே அமருங்கள். உங்கள் சொல்லுக்குள்ள வலிமை எங்கள் பிரசங்கத்துக்கு இல்லை.

அவன் மீண்டும் விழலாம். மீண்டும் போங்கள். சத்திரக்காரனிடம் பணம் கொடுத்ததோடு சமாரியன் கடமையை முடித்துக்கொள்ளவில்லை. திரும்பி வருவதாகவும் சொல்லிச் சென்றான். அவ்வாறு திரும்பிப் போகும் மனதை ஆண்டவர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.