எத்தி வைத்தது என்ன?

வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாவியை நீட்டியபோது, குடியிருந்தவர் சத்தம் போடவில்லை. அட்வான்ஸ் பணத்தில் வெள்ளையடிக்க என்று 8,000 ரூபாய் பிடித்திருந்தேன். போன வருடம் அடித்த சுவர் அது, அழுக்குகூட ஏறவில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "அஞ்சு வேளை தொழுற ஆளாச்சேன்னுதான் பாய், நான் எதுக்கும் ரசீது கேக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அன்று இஷா தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதேன் என்றே நினைவில்லை. சிறு வயதில் ஓதிக்கொண்டிருந்தபோது ஆலிம்சாவிடம் கேட்ட ஒரு கேள்விதான் மனதில் ஓடியது. எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் ஆச்சி கலிமா சொன்னவர் இல்லை. மறுமையில் அவருக்கு என்ன ஆகும்? ஆலிம்சா கோபப்படவில்லை. "நீ ஓங் கணக்கப் பாரு வாப்பா" என்றார். தட்டிக் கழிக்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

பெரிய பெரிய அறிஞர்கள் மல்லுக்கட்டிய கேள்வி அது என்பது பிறகுதான் தெரிந்தது. தூதரை அனுப்பாதவரை எவரையும் தண்டிப்பதில்லை என்கிறது குர்ஆனின் 17ஆம் அத்தியாயம், 15ஆம் வசனம். அப்படியானால் தூது சேராதவரின் நிலை என்ன? நன்மை தீமையை அறிய அறிவே போதும், ஆகவே அவரும் பொறுப்பாளிதான் என்றார்கள் முஃதஸிலா என்ற சிந்தனைப் பிரிவினர். அவர்களிடமே பாடம் படித்துப் பிரிந்துவந்தவர் இமாம் அஷ்அரி. வஹீ வந்து சேராதவரை யார் மீதும் கடமை இல்லை என்றனர் அவர் வழியினர். சமர்கந்தின் இமாம் மாதுரீதி இடையில் நின்றார். படைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதை வானத்தையும் பூமியையும் பார்த்தே அறியலாம். எப்படித் தொழுவது, எப்போது நோன்பு வைப்பது என்பதைத் தூதர் வந்து சொன்னால்தான் அறிய முடியும்.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி இதை இன்னும் நுட்பமாகப் பார்த்தார். முஸ்லிம் அல்லாதவர்களை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். நபியின் பெயரையே கேள்விப்படாதவர்கள் முதல் வகை. அவர்கள் மீது குற்றமில்லை. அவரது குணத்தையும் அற்புதங்களையும் சரியாக அறிந்தும் மறுத்தவர்கள் இரண்டாம் வகை, அவர்களே பொறுப்பாளிகள். மூன்றாவது வகையினருக்குப் பெயர் எட்டியது, ஆனால் பொய்யர் என்ற பட்டத்தோடு எட்டியது. அவர்களும் முதல் வகையினரைப் போலத்தான் என்றார் இமாம். கோணலாக வந்த செய்தி, தேடிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தை எழுப்பாது அல்லவா?

இந்த மூன்றாம் வகையைப் படித்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. இமாம் காலத்தில் செய்தியைக் கோணலாக்கியவர்கள் எதிரிகள். என் வீட்டில் குடியிருந்தவருக்கு அதைக் கோணலாக்கியது யார்? தினமும் அவர் பாங்கைக் கேட்டார். பாங்கு கேட்டதும் பள்ளிக்குப் போகும் என்னையும் பார்த்தார். கடைசியில் என் கணக்கையும் பார்த்துவிட்டார்.

ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்று அதே 17:15 வசனம் சொல்வதை நான் ஆறுதலாகப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் என்ன முடிவுக்கு வந்தாலும் அது அவர் பாடு என்று. ஆனால் தூது அனுப்பப்பட்ட மக்களை மட்டுமல்ல, தூதர்களையும் விசாரிப்போம் என்கிறது 7ஆம் அத்தியாயம். நபிமார்களுக்கே விசாரணை உண்டு. அதனால்தான் 632இல், இறுதி ஹஜ்ஜில், தாம் எத்தி வைத்துவிட்டோமா என்று கூட்டத்தைக் கேட்டு, அவர்கள் ஆம் என்றதும் அல்லாஹ்வைச் சாட்சி வைத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். வந்தவர்கள் வராதவர்களுக்கு எத்தி வைக்கவும் சொன்னார்கள். அவர்களுக்குப் பின் நபி இல்லை என்பது நம் ஈமான். ஆகவே அந்த வேலை நம் தலையில் இருக்கிறது, விசாரணையும் சேர்த்து.

எத்தி வைப்பது என்றால் மேடையும் பயானும்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் தூது வருவதற்கு முன்பே மக்காவாசிகள் நபி (ஸல்) அவர்களை 'அல் அமீன்', நம்பிக்கைக்குரியவர், என்று அழைத்தார்கள். 622இல் ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில், உயிருக்கே ஆபத்தான அந்த நேரத்தில், தம்மிடம் மக்கத்து மக்கள் கொடுத்து வைத்திருந்த அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் சேர்க்க அலீ (ரலி) அவர்களை ஊரில் விட்டுச் சென்றார்கள்.

அட்வான்ஸும் அமானிதம்தான். கீரைக்கார ஆச்சியின் கணக்கு இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆலிம்சா சொன்னது தட்டிக் கழித்தல் அல்ல என்பது மட்டும் தெரிகிறது.

மறுவாரம் குடியிருந்தவரின் புது வீட்டைத் தேடிப் போய் 8,000 ரூபாயைக் கொடுத்தேன். மாதா மாதம் ரசீது கேட்காமல் வாடகை தந்த மனிதர், அன்று ஒவ்வொரு நோட்டாக எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார்.