பெயர் சூட்ட ஓர் உயிர்

ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு படம் காட்டினேன். பதினான்கு கால்கள், கவசம் போட்ட உடம்பு, 36 செண்டிமீட்டர் வரை நீளம். 2018இல் சிங்கப்பூர், இந்தோனேசிய ஆய்வாளர்கள் ஜாவாவுக்குத் தெற்கே இரண்டு வாரம் ஆழ்கடலைத் துழாவியபோது கிடைத்த ஓட்டுடலி அது. 2020இல் 'பாத்திநோமஸ் ராக்சாசா' என்று பெயர் வைத்தார்கள். நம்ம ராட்சசன்தான் இந்தோனேசிய மொழிக்குப் போய்க் கடலுக்குள் இறங்கியிருக்கிறான் என்றதும் ஒரே சிரிப்பு.

தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் ஒரு தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, அது இப்ப உயிரோட இருக்கா?"

"இல்லப்பா. பாடம் பண்ணி வச்சிருக்காங்க."

"பேரு வைக்கிறதுக்காகவா கொன்னாங்க?"

"ஆராய்ச்சிக்காகப்பா" என்று மழுப்பிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. எறும்பைக்கூட மிதிக்காதீங்க என்று போன வாரம் அதே வகுப்பில் சொன்னவள் நான்தானே!

தம்பி கேட்டது சரிதான். புதிய இனம் என்று நிலைநாட்ட ஒரு மாதிரி உடல் வேண்டும். பெயர் அந்த உடலுக்கே உரியது. பின்னால் வருகிறவர்கள் அதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சில மில்லிமீட்டரே உள்ள சிறிய ஓட்டுடலி என்றால் அதன் வாயுறுப்புகளையும் கால்களையும் தனித்தனியாகப் பிரித்து, நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். அந்த ஜாவா பயணத்தில் மட்டும் ஏறத்தாழ 12,000 உயிரினங்கள் சேகரிக்கப்பட்டன.

"நாம சாப்பிடுற இறால் கணக்குக்கு இது எம்மாத்திரம்?" என்றார் ஒரு நண்பர். அது பதில் ஆகாது. ஒரு கொலையைக் காட்டி இன்னொன்றை நியாயப்படுத்த முடியுமா?

பதிலை வேறொரு கடலில் தேடினேன். ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையே, பசிபிக்கின் அடியில், உருளைக்கிழங்கு போன்ற உலோகக் கட்டிகள் கிடக்கின்றன. பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். மின்கலன் செய்ய அவற்றிலுள்ள நிக்கலும் கோபால்ட்டும் உதவும் என்பதால் பல நாடுகளுக்கு அங்கே கண். சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றும் 2015இல் அங்கே ஆய்வு ஒப்பந்தம் பெற்றது. அந்த வட்டாரத்தில் 5,000க்கும் மேற்பட்ட விலங்கினங்களுக்கு இன்னும் பெயரே இல்லை, பத்தில் ஒன்பது அப்படித்தான் என்று 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

நாளை இயந்திரம் இறங்கிச் சேற்றைக் கிளறினால் அவையும் சாகும். ஆனால் எது செத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பெயர் இல்லாததற்கு இழப்புக் கணக்கும் இல்லை.

மரியானா அகழியில், 6,000 மீட்டருக்கும் கீழே, ஒரு சிறிய ஓட்டுடலியைப் பிடித்தார்கள். வயிற்றுக்குள் நெகிழி இழை! 2020இல் அதற்கு 'யூரிதீனஸ் பிளாஸ்டிகஸ்' என்று பெயரிட்டார்கள். அது நம் மேல் எழுதப்பட்ட குற்றச்சாட்டு. அந்த உயிர் சாகாமல் இருந்திருந்தால் நமக்கு அது தெரிந்திருக்காது.

அதற்காகப் பெயர் வைத்துவிட்டால் பாவம் கழிந்தது என்று சொல்ல மாட்டேன். பெயர் தானாக எதையும் காப்பாற்றாது. வீட்டில் பிள்ளைக்குப் பெயர் சூட்டுகிறோம். அன்றோடு கடமை முடிந்துவிடுகிறதா? அன்றுதானே தொடங்குகிறது! ஓர் உயிரை எடுத்துப் பெயர் கொடுத்தவர்கள் அதன் மிச்ச இனத்துக்குக் கடன்பட்டவர்கள். தேவைக்கு மேல் பிடிக்காமல் இருப்பதும், பிடித்ததை வீணாக்காமல் படிப்பதும், அறிந்ததை உரக்கச் சொல்வதும் அந்தக் கடனின் தவணைகள். அலமாரியில் அடுக்கிவிட்டு மறந்தால், தம்பி சொன்ன மாதிரி அது வெறும் கொலைதான்.

அந்தக் கடனில் எனக்கும் பங்கு உண்டு. கைத்தொலைபேசியை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுகிறவள் நான். அந்த மின்கலனுக்கான உலோகத்தைத்தானே கடலடியில் தேடுகிறார்கள்?

அடுத்த ஞாயிறு தம்பியைக் கூப்பிட்டு, "போன வாரம் நான் சரியா பதில் சொல்லலப்பா" என்று தொடங்கி இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அப்போ அந்த ராட்சசனுக்கு நாம என்னக்கா செய்யப் போறோம்?"

இந்த முறை நான் அடுத்த படத்துக்குப் போகவில்லை. இளையர்களே, நீங்கள் என்ன சொல்வீர்கள்?