குடிவைத்துவிட்டு வருவது

நண்பர் ஒருவர் தொலைதூர ஊருக்குக் குடிபெயர்கிறார் என்றால் நம்மில் பலரும் ரயிலடி வரை போவோம். பெட்டிகளை ஏற்றிவிட்டு, வண்டி நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அதுவும் அன்புதான். ஆனால் அவரோடு சேர்ந்து வீட்டைக் காலிசெய்து, கூடவே போய், புது ஊரில் குடிவைத்துவிட்டுத் திரும்புவது வேறு. அதில் என்ன கிடைக்கிறது என்பது, மதுரையிலிருந்து என் நண்பன் தில்லிக்கு மாற்றலாகிப் போனபோது எனக்குத் தெரிந்தது.

ஆடி பிறந்தால் வீடு மாறக் கூடாது என்று அவன் அம்மா சொல்லிவிட்டார். தில்லியில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் ஜூலையில் திறக்கும். ஆக, எல்லாம் ஆனிக்குள் முடிய வேண்டும். சாமான் ஏற்றுவது கடைசி வேலை. அதற்கு முன் கேஸ் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைக்க வேண்டும், மகளுக்கு டி.சி. வாங்க வேண்டும், பைக்குக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். பைக்கை ரயில் பார்சலில் அனுப்புவதென்றால் டேங்கில் இருக்கும் பெட்ரோலைச் சுத்தமாக வடித்து, சாக்குச் சுற்றித் தர வேண்டும். ஒரு வரிசையில் அவன் நின்றான், இன்னொன்றில் நான் நின்றேன்.

பிறகு பரணையும் பீரோவையும் ஒழித்தோம். பள்ளிக்கூட நாளிலிருந்து பழகியவன். அவன் வீட்டில் நான் சாப்பிடாத பண்டிகை இல்லை. அந்தப் பீரோவின் அடித்தட்டில் நகைக்கடன் ரசீதுகள் ஒரு கட்டாக இருந்தன. அப்பாவின் சிகிச்சைக்காக வைத்த நகைகள். மீட்டுப் பல வருடமாகியும் ரசீதுகளைக் கிழித்துப்போட அவனுக்கு மனம் வரவில்லை. அந்த நாட்களில் தினமும் என்னோடு டீக்கடையில் நின்றவன், இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கட்டு என் கையில் இருப்பதைப் பார்த்தான். வாங்கி மறைக்கவில்லை. "அதையும் அந்தப் பெட்டியிலயே போட்ரு மாப்ள" என்றான்.

விருந்துக்கு நாம் யாரையும் அழைக்கலாம். கூடத்தைக் கூட்டி, துணி மாற்றிய படுக்கையை விரித்து, காட்ட வேண்டியதை மட்டும் காட்டலாம். வீடு ஒழிக்கிற நாளில் அது முடியாது. ஓட்டை விழுந்த போர்வை, பாதியில் நின்ற தையல் வகுப்புப் புத்தகம், இறந்தவரின் மூக்குக் கண்ணாடி என்று எல்லாம் நடுக்கூடத்துக்கு வந்துவிடும். அந்த நாளில் "வாடா" என்று ஒருவன் நம்மைக் கூப்பிடுகிறான் என்றால், தன் வாழ்க்கையை அப்படியே பார்க்க நம்மை அனுமதிக்கிறான். இத்தனை வருடப் பழக்கத்தில் அவன் எனக்குக் கொடுத்தவற்றில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

திருக்குறள் எக்ஸ்பிரஸில் போனோம். 2,500 கிலோமீட்டருக்கு மேல். குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள் மூன்றையும் லாரியில் விடாமல் அவன் மனைவி மடியிலேயே வைத்திருந்தார். போய்ச் சேர்ந்தபோது வீட்டில் எங்கள் குரல்தான் எதிரொலித்தது. சாமான் வரவில்லை, கேஸ் இணைப்பு இல்லை, ஜூன் வெயிலில் சுவரைத் தொட்டால் சுட்டது. பால் காய்ச்ச வேண்டுமே என்று அவர் கலங்கினார். எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மா கரண்ட் அடுப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பால் பொங்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் கடை கடையாக ஏறி நானும் அவனும் ஒரு கூலர் வாங்கினோம். மகளைச் சேர்க்க தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிக்குப் போனோம்.

அந்தப் பள்ளிகளே இப்படிப்பட்ட உதவியில் பிறந்தவைதாம். தில்லிக்கு உத்தியோகம் பார்க்க வந்த தென்னாட்டுக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காக 1920-களில் தொடங்கியது, இன்று ஏழு பள்ளிகளாக நடக்கிறது. மும்பையில் தாராவிக்குத் திருநெல்வேலியிலிருந்து போனவர்களும் முன்னால் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டு போனவர்களே. வெளியூரில் ஒரு தமிழ்த் தெரு இருந்தால், புதிதாக வந்தவனுக்கு யாரோ பாய் விரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

தமிழில் நட்பு என்றதும் பிசிராந்தையாரைச் சொல்வோம். எனக்குக் கபிலரின் நடைதான் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. நண்பன் பாரி மாண்டபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு பறம்பு மலையிலிருந்து இறங்கினார். விச்சிக்கோன், இருங்கோவேள் என்று ஒவ்வொருவரிடமும் போய் அவர்களுக்கு ஒரு வாழ்வு கேட்டார். எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் அவர்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வடக்கிருந்தார். நண்பனின் குடும்பம் ஓரிடத்தில் அமர்ந்ததைப் பார்க்காமல் அவருக்கு நிம்மதி இல்லை.

அந்த நிம்மதி எப்படிப்பட்டது என்பது திரும்பி வந்த பிறகு எனக்குப் புரிந்தது. டீக்கடை அவனில்லாமல் வெறிச்சென்றுதான் இருந்தது. ஆனால் அவன் போன் பேசினால், எந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். மதர் டெய்ரி பால் கடைக்குப் போகிறேன் என்றால், எந்த மரத்தடியில் செருப்புத் தைப்பவரைக் கடந்து போவான் என்பதும் தெரியும். வழியனுப்பிவிட்டு நின்றிருந்தால் நண்பன் இல்லாத மதுரைதான் எனக்கு மிஞ்சியிருக்கும். கூடப் போனதால், நண்பன் இருக்கிற தில்லியும் எனக்கு உண்டு. பிரிவு அவன் எனக்குச் செய்ததாக இல்லை, நாங்கள் இருவரும் சேர்ந்து செய்து முடித்த வேலையாக இருக்கிறது.

உங்கள் நண்பர் யாராவது ஊர் மாறப் போவதாகச் சொன்னால், என்ன உதவி வேண்டும் என்று கேட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அவர் சொல்லமாட்டார். அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்புச் சொல்லுங்கள், அவர் டிக்கெட் எடுக்கும்போது உங்களுக்கும் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள்.